ஒரு ஓவியம்கூட விற்கவில்லை, ஆனாலும் நஷ்டம்: ரோஸ் கலை அருங்காட்சியகம், 2009

2009 ஜனவரி 26. அமெரிக்காவில் பாஸ்டனுக்குப் பக்கத்தில் வால்தம் என்ற ஊரில் இருக்கும் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தின் அறங்காவலர் குழு கூடி, ஒருமனதாக ஒரு முடிவெடுத்தது. வளாகத்தில் 1961 முதல் இயங்கிவந்த ரோஸ் கலை அருங்காட்சியகத்தை மூடிவிடுவது, அதன் சேகரிப்பை விற்பது, கட்டடத்தைக் கலை மாணவர்களுக்கான பயிற்சிக் கூடமாக மாற்றிக்கொள்வது. அருங்காட்சியகத்தின் இயக்குநர் மைக்கேல் ரஷ்ஷுக்கே அன்றைக்குத்தான் விஷயம் சொல்லப்பட்டது. உள்ளே ஹான்ஸ் ஹாஃப்மனின் 1950 காலத்து ஓவியங்களின் கண்காட்சி அப்போதுதான் தொடங்கி நடந்துகொண்டிருந்தது.

பல்கலைக்கழகக் கேலரிகள் பற்றிய பேச்சு எங்கே நடந்தாலும் இந்தச் சம்பவம் வந்துவிடும். பெரும்பாலும் இரண்டே வரியில்: பணத்துக்காகக் கலையை விற்கப் பார்த்தார்கள், எல்லாரும் சேர்ந்து தடுத்துவிட்டார்கள். இப்படிச் சொல்லி முடிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. விற்பனை நடக்கவில்லை என்பது சரி. ஆனால் விற்காமலேயே அந்த நிறுவனம் சில வருடங்களை இழந்தது, அந்த இழப்பு எந்த வழியாக வந்தது என்பதைத்தான் யாரும் நின்று பார்ப்பதில்லை.

முதலில் அங்கே இருந்தது என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

பிராண்டைஸ் 1948-இல் தொடங்கிய பல்கலைக்கழகம். பழைய பெரிய பல்கலைக்கழகங்களைப் போலப் பல தலைமுறைச் சொத்து அதற்குக் கிடையாது. எட்வர்ட் ரோஸ், பெர்த்தா ரோஸ் தம்பதி கொடுத்த பணத்தில் அருங்காட்சியகம் எழும்பியபோது பல்கலைக்கழகத்துக்கு வயது 13 தான். முதல் இயக்குநராக வந்த சாம் ஹன்டர் கையில், கெவிர்ட்ஸ்-நூச்சின் குடும்ப நன்கொடையாக 50,000 டாலர் வந்தது. 1962 வாக்கில் அதுவும் பெரிய தொகையாகத்தான் இருந்திருக்கும், ஆனால் புகழ்பெற்ற பழைய ஓவியர்கள் பக்கம் போனால் ஒன்றிரண்டிலேயே தீர்ந்துவிடும். அதனால் அவர் ஒரு படைப்புக்கு 5,000 டாலருக்கு மேல் கொடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டு, அப்போது உயிரோடு இருந்து வேலை செய்துகொண்டிருந்த இளம் ஓவியர்களிடம் போனார். ஜாஸ்பர் ஜான்ஸ், ராபர்ட் ரவுஷென்பர்க், ராய் லிக்டென்ஸ்டைன், ஜேம்ஸ் ரோசென்க்விஸ்ட், எல்ஸ்வொர்த் கெல்லி என்று 21 படைப்புகள். இவர்களில் பலருடைய பெயர் அன்றைக்குக் கலை உலகத்துக்கு வெளியே அவ்வளவாகத் தெரியாது.

அதில் லிக்டென்ஸ்டைனின் 1962 ஓவியம் ஒன்று இருக்கிறது. காமிக்ஸ் புத்தகத்தின் ஒரு கட்டத்தை அப்படியே பெரிதாக்கியதுபோல, ஒரு ஆண், ஒரு பெண், மேலே பேச்சுக் குமிழி: என்னை மறந்துவிடு, உன்னைப்போன்றவர்களைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது என்கிற மாதிரி வசனம். தூரத்தில் இருந்து பார்த்தால் அச்சடித்த படம், கிட்டே போனால் அச்சுப் புள்ளிகளைக் கையால் வரைந்திருப்பது தெரியும். ஒரு பல்கலைக்கழகம் தன் மாணவர்களுக்காக இதை 1960-களின் தொடக்கத்திலேயே வாங்கி மாட்டியது என்பதுதான் ரோஸின் முழு அடையாளமும். அப்புறம் 1970-இல் 'விஷன் அண்ட் டெலிவிஷன்' என்ற கண்காட்சி. வீடியோ கலைஞர் 'நாம் ஜூன் பைக்' உள்பட, தொலைக்காட்சிப் பெட்டியையே கலைக்கான பொருளாக எடுத்துக்கொண்டவர்களை அமெரிக்க அருங்காட்சியகம் ஒன்று திரட்டிக் காட்டிய முதல் சில நிகழ்வுகளில் அது ஒன்று. பெரிய நகர அருங்காட்சியகங்கள் தயங்குகிற இடத்தில் பல்கலைக்கழகக் கேலரி துணிந்துவிட முடிகிறது. டிக்கெட் விற்றுக் கூட்டம் சேர்க்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை.

பணம் எங்கே இடித்தது

2008 இலையுதிர் காலத்தில் பங்குச்சந்தை சரிந்தபோது பிராண்டைஸின் மூலநிதி ஏறக்குறைய கால்பங்கு கரைந்துபோனது. மூலநிதி என்பது நன்கொடைகளை முதலீடு செய்து வைத்து அதன் வருமானத்தில் மட்டும் செலவு செய்கிற நிதி. வால்தம் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் அன்றைய சட்டப்படி ஒரு நன்கொடையின் மதிப்பு, கொடுத்த நாளில் இருந்த தொகைக்குக் கீழே போய்விட்டால் அதிலிருந்து எடுக்கவே முடியாது. பழைய பல்கலைக்கழகத்தில் 1920-இல் வந்த நன்கொடை பல மடங்கு பெருகி நிற்கும், கால்பங்கு போனாலும் கைவைக்க இடம் இருக்கும். இளம் பல்கலைக்கழகத்தில் சமீபத்திய நன்கொடைகள்தான் அதிகம், அவை சட்டென்று கோட்டுக்குக் கீழே போய்விடும். இது போதாதென்று 2008 டிசம்பரில், முதலீடு என்று பணம் வாங்கிப் பலரை ஏமாற்றிய பெர்னார்ட் மேடாஃபின் மோசடி வெளியே வந்தது. பல்கலைக்கழகம் நேரடியாக அதில் பணம் போடவில்லை, ஆனால் அதன் மிகப் பெரிய கொடையாளர்களில் சிலர் போட்டிருந்தார்கள். அடுத்த நன்கொடைக்கு யாரிடம் போவது?

இந்த நிலையில் மேசைமேல் ஒரு காகிதம் இருந்தது. 2007-இல் கிறிஸ்டிஸ் ஏல நிறுவனம் ரோஸ் சேகரிப்பை மதிப்பிட்டு, சுமார் 350 மில்லியன் டாலர் என்று சொல்லியிருந்தது. 6,000-க்கும் மேற்பட்ட படைப்புகள், அவற்றில் சில டஜன்தான் இந்தத் தொகையின் பெரும்பகுதி. ஆண்டுக்குப் பத்து மில்லியன் வரை துண்டு விழும் என்று பயந்துகொண்டிருந்த ஒரு குழுவுக்கு 350 மில்லியன் எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர்கள் எல்லாரும் கலை விரோதிகள் என்று எழுதுவது சுலபம். நான் அப்படி எழுத மாட்டேன். ஆசிரியர்களைக் குறைப்பது, உதவித்தொகையை வெட்டுவது, சுவரில் தொங்குவதை விற்பது என்ற மூன்றில் மூன்றாவதுதான் யாருடைய வயிற்றிலும் அடிக்காத வழி என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

கணக்கிலேயே ஓட்டை இருந்தது, அதுதான் வேடிக்கை. 2007-இன் மதிப்பீடு சந்தை உச்சத்தில் இருந்தபோது எடுத்தது, 2009 ஜனவரியில் ஏலச் சந்தையே படுத்துக் கிடந்தது. ஒரே நேரத்தில் ஒரே இடத்திலிருந்து அவ்வளவு படைப்புகள் ஏலத்துக்கு வந்தால் விலை இன்னும் இறங்கும். நிபந்தனையோடு கொடுக்கப்பட்ட நன்கொடைகள் எவை, சும்மா கொடுக்கப்பட்டவை எவை என்று ஒவ்வொரு கோப்பாகப் பார்க்க வேண்டும், அதை மாநில அரசுத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் மேற்பார்க்கும், அதற்கே மாதக்கணக்கில் ஆகும். அருங்காட்சியகமோ தன் செலவைப் பெரும்பாலும் தனக்கென்று வந்த நிதியிலிருந்தே பார்த்துக்கொண்டதாக அதன் தரப்பு சொன்னது. அப்படியானால் அதை மூடுவதால் மிச்சமாவது ஒன்றும் இல்லை. விற்றால்தான் காசு, அந்த விற்பனையும் உடனே நடக்கிற காரியம் இல்லை. அவசரத்துக்கு உதவாத ஒன்றை அவசரமாக அறிவித்தார்கள்.

எழுதாத ஒப்பந்தம்

ஒரு பல்கலைக்கழகக் கேலரி கண்காட்சி வைப்பது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் அடுத்து நடந்தது புரியும். தன் சேகரிப்பை மட்டும் வைத்து ஒரு கேலரி நிறைய வருடம் ஓட்ட முடியாது. ஒரு கலைஞரின் இருபது வருட வேலையைக் காட்ட வேண்டுமென்றால் பத்துப் பன்னிரண்டு இடங்களில் இருந்து இரவல் வாங்க வேண்டும்: மற்ற அருங்காட்சியகங்கள், தனியார் சேகரிப்பாளர்கள், கலைஞரின் ஸ்டுடியோ. இரவல் கேட்டுக் கடிதம் எழுதும்போதே கட்டட அறிக்கை ஒன்றையும் சேர்த்து அனுப்புவார்கள். ஈரப்பதம் எவ்வளவு, வெப்பநிலை எவ்வளவு ஏறி இறங்கும், தீயணைப்பு தண்ணீரா வாயுவா, இரவில் யார் காவல், லாரி வந்து நிற்கும் இடத்துக்குக் கூரை உண்டா, இத்தனையும் அதில் இருக்கும். படைப்பு வந்ததும், வரவு செலவைக் கவனிக்கும் அருங்காட்சியகப் பதிவாளர் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து வண்ணத்தில் விரிசல், சட்டத்தில் கீறல் எல்லாவற்றையும் படம் வரைந்து குறித்துக்கொள்வார், போகும்போது அதே தாளை வைத்துத் திரும்பவும் பார்ப்பார். உரியவர் வீட்டுச் சுவரில் இருந்து இறக்கியதிலிருந்து மறுபடி அதே சுவரில் மாட்டுகிற வரை காப்பீடு.

இத்தனை தாள்களும் இருக்கின்றன, ஆனால் வாடகை என்று பெரும்பாலும் ஒன்றும் கிடையாது. அருங்காட்சியகங்கள் ஒன்றுக்கொன்று இரவல் கொடுப்பது பொதுவாக இலவசம்தான், பெட்டி கட்டுவது, வண்டி, காப்பீடு இவற்றின் செலவை இரவல் வாங்குபவர் ஏற்றுக்கொள்வார். இன்றைக்கு நான் உனக்குக் கொடுக்கிறேன், நாளைக்கு நீ எனக்குக் கொடு என்ற கணக்கு. நன்கொடையும் அப்படித்தான். ஒரு கலைஞர் தன் ஓவியத்தைக் கல்லூரிக்குக் கொடுக்கும்போது, கேலரியில் விற்றால் கிடைக்கும் காசை விட்டுவிட்டு, இது மாணவர்கள் கண்ணில் படும், நான் போன பிறகும் இங்கேயே இருக்கும் என்று நினைத்துக் கொடுக்கிறார். அந்த நினைப்பை எந்த ஒப்பந்தத்திலும் எழுதி வைப்பதில்லை.

அதனால்தான் இந்தத் துறையில் விதி கடுமையாக இருந்தது. அமெரிக்க அருங்காட்சியக இயக்குநர்கள் சங்கத்தின் விதிப்படி, ஒரு படைப்பைச் சேகரிப்பிலிருந்து நீக்கி விற்கலாம், ஆனால் அந்தப் பணம் இன்னொரு படைப்பு வாங்கத்தான் போக வேண்டும். மின்கட்டணம், சம்பளம், கூரைப் பழுது எதற்கும் கூடாது. (2022-இல்தான் சேகரிப்பை நேரடியாகப் பராமரிக்கும் செலவுக்கும் அந்தச் சங்கம் இடம் கொடுத்தது.) சங்கத்தால் யாரையும் சிறைக்கு அனுப்ப முடியாது. உறுப்பினர்களைப் பார்த்து, இவர்களுக்கு இரவல் கொடுக்காதீர்கள் என்று சொல்ல முடியும், அவ்வளவுதான். ரோஸ் முடிவுக்கு ஒரு மாதம் முன்னால், நியூயார்க்கின் நேஷனல் அகாடமி தன் கடனை அடைக்க இரண்டு ஓவியங்களை விற்றதும், சங்கம் அதைத்தான் செய்தது. கண்காட்சிகள் அப்படியே நின்றுபோகும் என்ற பயம் அந்த அகாடமிக்கு வந்தது. பிராண்டைஸ் குழு இதையெல்லாம் பார்க்காமலா இருந்திருக்கும் என்று எனக்கு இன்னமும் ஆச்சரியம்தான். ஒருவேளை அருங்காட்சியகத்தையே மூடப்போகிறோம், பிறகு இரவல் எதற்கு என்று நினைத்திருக்கலாம்.

அறிவித்த பிறகு

சத்தம் எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. மாணவர்கள் அருங்காட்சியகத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்தார்கள். ரோஸ் குடும்பம் கண்டித்தது. சங்கங்கள் கண்டித்தன. மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் உயில்களையும் நன்கொடைப் பத்திரங்களையும் பார்க்கப்போவதாகச் சொன்னது. பிப்ரவரி தொடக்கத்திலேயே பல்கலைக்கழகத் தலைவர் யெஹூதா ரைன்ஹார்ட்ஸ் மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று: முடிவைச் சொன்ன விதம் சரியில்லை, அருங்காட்சியகம் திறந்திருக்கும், ஆனால் பல்கலைக்கழகத்தின் கல்விப் பணியோடு இன்னும் நெருக்கமாக இணைக்கப்படும். விற்பனை என்ற கதவை அவர் சாத்தவில்லை.

என் பார்வையில் முதல் தவறைவிட இந்த அரைகுறைப் பின்வாங்கல்தான் அதிகம் கெடுத்தது. மூடுவோம் என்றால் மூடுவது, மாட்டோம் என்றால் விற்க மாட்டோம் என்று எழுதிக் கொடுப்பது. இரண்டும் இல்லாமல் திறந்து வைத்திருப்போம், தேவைப்பட்டால் விற்போம் என்று சொன்னால், அங்கே நன்கொடை கொடுக்க யார் வருவார்கள்? 2009 ஜூனில் ரஷ் வெளியேறினார். அதற்குப் பிறகு 2012 வரை ரோஸுக்கு நிரந்தர இயக்குநர் இல்லை. 2009 ஜூலையில் அருங்காட்சியகத்தின் மேற்பார்வைக் குழுவைச் சேர்ந்த மூன்று பேர் நீதிமன்றம் போனார்கள்: குழுத் தலைவர் ஜொனாதன் லீ, நிறுவிய குடும்பத்தைச் சேர்ந்த மெரில் ரோஸ், லோயிஸ் ஃபோஸ்டர். 2001-இல் சேர்க்கப்பட்ட புதிய பகுதிக்கே லோயிஸ் ஃபோஸ்டர் பெயர்தான். தன் பெயர் எழுதிய கட்டடத்துக்காகத் தான் பணம் கொடுத்த பல்கலைக்கழகத்தின்மேலேயே வழக்குப் போடுகிற நிலை.

2009 அக்டோபரில் சேகரிப்பின் முக்கியப் படைப்புகளை எல்லாம் எடுத்துப் பெரிய கண்காட்சி ஒன்றை வைத்தார்கள், கூடவே ஒரு புத்தகமும் வந்தது. நல்ல கண்காட்சிதான். ஆனால் விற்பனைப் பேச்சு நடக்கும்போது எல்லாவற்றையும் எடுத்து வரிசையாக மாட்டினால் பார்க்கிறவர்கள் மனதில் ஏலப் பட்டியல்தான் ஓடும், அதைத் தவிர்க்க முடியாது. 2010-இல் சோதபிஸ் ஏல நிறுவனத்தை அழைத்து, விற்காமல் வாடகைக்கு விட்டுப் பணம் பண்ண முடியுமா என்று கேட்டார்கள். மேலே சொன்ன இலவச இரவல் வழக்கத்தை நினைவில் வைத்துக்கொண்டால் இது எப்படி ஒலித்திருக்கும் என்பது விளங்கும்.

அதே 2010-இல்தான் நான் இந்த ஆய்வின் மையம் என்று நினைக்கிற விஷயம் நடந்தது, செய்தியில் அது சின்னதாகத்தான் வந்தது. 'அட்மாஸ்ஃபெரிக் கண்டிஷன்ஸ்' என்ற பெயரில் ரோஸ் ஒரு கண்காட்சி திட்டமிட்டிருந்தது. அதில் பங்கேற்க இருந்த வீடியோ கலைஞர் பில் வயோலா, ஓவியர்கள் ஏப்ரல் கார்னிக், எரிக் ஃபிஷல் மூவரும் விலகிக்கொண்டார்கள். விற்க மாட்டோம் என்று உறுதி கிடைக்காத இடத்தில் எங்கள் வேலையைக் காட்ட மாட்டோம் என்றார்கள். ஜேம்ஸ் ரோசென்க்விஸ்ட்டும் தன் கண்காட்சியை ரத்து செய்தார். அவருடைய ஆரம்ப கால ஓவியத்தை 1960-களில் நம்பி வாங்கிய இடம் இது, அதே ஆளே இப்போது வர மாட்டேன் என்கிறார். கண்காட்சி நின்றது.

இங்கே ஒரு டாலருக்குக்கூட எதுவும் விற்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். கட்டடம் அப்படியே இருக்கிறது, ஈரப்பதக் கருவி ஓடுகிறது, ஆண்டி வார்ஹோலின் ஓவியம் சுவரில் தொங்குகிறது. ஆனால் சமகாலக் கலைக் கண்காட்சி என்பது உயிரோடிருக்கும் ஆட்கள் சரி என்று சொன்னால்தான் நடக்கும். பழைய சிலைகளை வைத்திருக்கும் அருங்காட்சியகத்தில் சிற்பி வந்து மறுக்கப்போவதில்லை. சமகாலக் கேலரியில் மறுப்பார், அடுத்தவரிடமும் சொல்வார்.

வழக்கு முடிந்த விதம்

2011 ஜனவரியில் ஃபிரெடெரிக் லாரன்ஸ் புதிய தலைவராக வந்தார். ஜூன் 30 அன்று வழக்கு சமரசத்தில் முடிந்தது. ரோஸ் பொதுமக்களுக்குத் திறந்த பல்கலைக்கழக அருங்காட்சியகமாகத் தொடரும், படைப்புகளை விற்கும் திட்டமோ எண்ணமோ இல்லை என்று பல்கலைக்கழகம் சொன்னது. கட்டடத்தைப் புதுப்பித்து, ஐம்பதாம் ஆண்டு விழாவோடு அந்த அக்டோபரில் மறுபடி திறந்தார்கள். 1960-களின் தொடக்க காலப் படைப்புகளை வைத்தே திறந்தது புத்திசாலித்தனம். 2012-இல் கிறிஸ்டோபர் பெட்ஃபோர்ட் இயக்குநரானார். 2014-இல் கிறிஸ் பர்டனின் படைப்பு வாசலில் நின்றது, 24 பழைய தெருவிளக்குக் கம்பங்கள், மாலையில் மாணவர்கள் கூடுகிற இடமாக. வெனிஸ் பியென்னாலே என்ற சர்வதேசக் கலை விழாவில், 2017-இல் அமெரிக்க அரங்கில் ஓவியர் மார்க் பிராட்ஃபோர்டைக் கொண்டுபோய் நிறுத்தியவர்களில் ரோஸும் ஒன்று. கலைஞர்கள் வர மறுத்த ஒரு இடம் ஏழு வருடத்தில் இங்கே வந்து நின்றது.

எல்லாருக்கும் இப்படி வாய்க்கவில்லை. வர்ஜீனியாவின் ராண்டால்ஃப் கல்லூரி 2007-இல் தன் சுவரில் இருந்து நான்கு ஓவியங்களை இறக்கியது. அதில் ஜார்ஜ் பெல்லோஸின் ஓவியம் 2014-இல் 25.5 மில்லியன் டாலருக்கு லண்டன் தேசியக் காட்சியகத்துக்குப் போனது, அதை முதலில் வாங்க மாணவர்களும் ஊர்க்காரர்களும் காசு சேர்த்திருந்தார்கள் என்பது வேறு. டென்னசியின் ஃபிஸ்க் பல்கலைக்கழகம் வருடக்கணக்கில் வழக்காடி, ஸ்டீக்லிட்ஸ் என்ற புகைப்படக் கலைஞரின் பெயரால் தன்னிடம் இருந்த கலைச் சேகரிப்பில் பாதிப் பங்கை 2012-இல் 30 மில்லியனுக்குக் கொடுத்து, இப்போது அதை இன்னொரு அருங்காட்சியகத்தோடு மாற்றி மாற்றி வைத்துக்கொள்கிறது. ஃபிஸ்கை மட்டும் நான் குறை சொல்லத் தயங்குவேன், அங்கே பல்கலைக்கழகமே மூடப்படும் அபாயம் நிஜமாக இருந்தது. இந்தியானாவில் வால்பரைசோ பல்கலைக்கழகம் 2023-இல் ஜார்ஜியா ஓ'கீஃப் ஓவியம் உள்பட மூன்றை விற்று முதலாண்டு மாணவர் விடுதியைச் சீரமைக்கப்போவதாக அறிவித்தது. அருங்காட்சியகத்துக்குத் தன் பெயரைத் தந்த முதல் இயக்குநரே, விற்றால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றார். 2024-இல் அருங்காட்சியகம் மூடப்பட்டது.

ரோஸ் தப்பித்ததற்குக் காரணம் கலையின் மேன்மை என்றெல்லாம் நான் நினைக்கவில்லை. கொஞ்சம் பண வசதியும் வழக்கறிஞர்களும் உள்ள ஒரு மேற்பார்வைக் குழு அதற்கென்று தனியாக இருந்தது, கொடையாளர்களின் குடும்பங்கள் உயிரோடு பக்கத்திலேயே இருந்தன, பாஸ்டன் பத்திரிகைகள் விடவில்லை, சந்தையும் அந்த நேரத்தில் விற்கிற சந்தையாக இல்லை. இதில் இரண்டு மாறியிருந்தாலும் லிக்டென்ஸ்டைன் யாரோ ஒருவரின் வரவேற்பறையில் தொங்கிக்கொண்டிருக்கும். சட்டப்படி அருங்காட்சியகம் தனி அமைப்பு கிடையாது, படைப்புகள் பல்கலைக்கழகத்தின் சொத்துதான். 2011 சமரசத்திலும் விற்கும் எண்ணம் இல்லை என்றுதான் இருக்கிறது. இனி எப்போதும் விற்கக் கூடாது என்று எந்த வரியும் அதில் இல்லை.